ஹோய் ஆனில் துணி தைத்துக்கொள்ள முழு வழிகாட்டி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

வியட்நாமின் ஹோய் ஆனில் 24 மணி நேரத்தில் கோட் சூட் தைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடுப்பார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அப்படித் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் கோட் மொத்தமும் கூடவே மேலே வரும், அதைப் பிரித்துத் தைக்க நேரம் கேட்டால் மறுநாள் காலை உங்களுக்கு விமானம். அங்கே போய்ப் பணத்தை விட்டேன் என்று வந்து புலம்புகிறவர்களிடம் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ராத்திரி என்பார்கள்.

ஊர் நல்ல ஊர், கைகளும் நல்ல கைகள். வேலையை எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கீழே இருப்பதை வரிசையாகவே படியுங்கள்.

1. முதலில் மாதம், அப்புறம் நாள் கணக்கு

பிப்ரவரி கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மழை குறைவு. செப்டம்பருக்குப் பிறகு மழை தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு ஏறிப் பழைய நகரத் தெருக்களுக்குள் தண்ணீர் வருவது அங்கே அடிக்கடி நடப்பது. தண்ணீர் வந்தால் கடைக்காரர்கள் துணிக்கட்டுகளை மாடிக்கு ஏற்றுவார்களா, உங்கள் ட்ரையலைப் பார்ப்பார்களா?

தெட் என்கிற அவர்களுடைய புத்தாண்டு சுமார் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். அந்த வாரத்தைத் தவிருங்கள், அதற்கு முந்தைய வாரத்தையும் சேர்த்து. கடை திறந்திருந்தாலும் தைக்கிறவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஊர்க்காரர்களும் புதுத்துணிக்காகக் குவிகிற நேரம் அது.

நாள் கணக்கு இப்படி. ஹோய் ஆனில் குறைந்தது 5 இரவு. நடுவில் இரண்டு நாள் பழைய அரச தலைநகரான ஹூவேக்குப் போய்வருவதானால் மொத்தம் 7. ஒரு கோட்டுக்கு இரண்டு ட்ரையலாவது வேண்டும், பெரும்பாலும் மூன்றாவதும் வரும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தைக்கிறவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். இரண்டு மூன்று இரவுதான் கிடைக்கும் என்றால் கோட்டை மறந்துவிட்டு சட்டையும் பேன்டும் மட்டும் தையுங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வியட்நாம் பயணத்தின் கடைசியில் ஹோய் ஆனை வைக்கிறவர்கள்தான் அதிகம், பெட்டி கனக்காமல் இருக்கும் என்று. கணக்கு சரிதான், ஆனால் ஏதாவது ஒன்று தவறினால் பின்னால் நகர்த்த நாள் இருக்காது. பயணத்தின் நடுவில் வையுங்கள்.

2. விசா, விமானம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் இ-விசா கிடைக்கிறது, 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன. பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, இனிஷியல் விரிந்திருந்தால் விரிந்தபடியே போடுங்கள்.

ஹோய் ஆனில் விமான நிலையம் கிடையாது, ரயிலும் கிடையாது. இரண்டுக்கும் டா நாங்தான், அங்கிருந்து 30 கிலோமீட்டர், காரில் முக்கால் மணி நேரம். கிராப் என்கிற வாடகை வண்டிச் செயலியில் கார் கிடைக்கும். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு வியட்ஜெட் 2023-இல் நேரடி விமானம் தொடங்கியது. அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகவும் டா நாங் போகலாம்.

பழைய நகரத்துக்குள் காலையும் மாலையும் சில மணி நேரம் வண்டிகளை விடமாட்டார்கள். தங்கும் இடத்தை அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாருங்கள். ட்ரையலுக்காக ஒரு நாளில் இரண்டு முறை கடைக்குப் போக வேண்டிவரும். வெயிலில் தூரத்திலிருந்து வரவேண்டும் என்றால் இரண்டாவது முறை போக சோம்பல் வரும், "சரி, இதுவே போதும்" என்று தலையாட்டிவிடுவீர்கள்.

3. வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை

இதைப் படித்துவிட்டும் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற ஒரு சட்டை, ஒரு பேன்ட். பெண்கள் நன்றாகப் பொருந்துகிற ஒரு கவுன் அல்லது குர்த்தி. தோள் எவ்வளவு இறக்கம், இடுப்பில் எவ்வளவு லூஸ் என்பதை வாயால் சொல்வதைவிட அதைக் கொடுத்துவிடுவது மேல். "இதைப் பிரிக்காமல் அளவெடுங்கள்" என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த உடுப்போடு போடப்போகிற ஷூ. பேன்டின் உயரம் ஷூவை வைத்து முடிவாகிறது. செருப்போடு அளவு கொடுத்தவர்களின் பேன்ட், ஊருக்கு வந்து ஷூ போட்டதும் ஒன்று கணுக்கால் தெரியும், இல்லை தரையைப் பெருக்கும். பெண்கள் அந்த உடைக்குள் போடப்போகிற உள்ளாடையையே எடுத்துப்போங்கள், மார்பு டார்ட் (உடம்போடு பொருந்த மடித்துத் தைக்கிற தையல்) எங்கே விழ வேண்டும் என்பது அதை வைத்துத்தான்.

வேண்டிய மாடலின் படங்கள், முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கம், பக்கவாட்டு, காலர் அருகில் என்று நான்கைந்து. முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் காட்டினால் பின்பக்கத்தைத் தைக்கிறவர் தன் கற்பனையில் முடிப்பார். பின்னால் ஒரு வெட்டா இரண்டு வெட்டா, ஜிப் பின்னாலா பக்கத்திலா என்று அவர் முடிவு செய்ததை நீங்கள் ட்ரையலில்தான் பார்ப்பீர்கள்.

ஒரு அளவு டேப். அங்கே எல்லாம் சென்டிமீட்டர். நமக்கு இடுப்பு 34, மார்பு 40 என்று அங்குலத்தில்தான் வாயில் வரும். உங்கள் அளவுகளைச் சென்டிமீட்டரில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

4. எதைத் தைக்கலாம், எதை விட்டுவிடலாம்

அவர்கள் தினமும் தைப்பதைத் தைக்கச் சொல்லுங்கள்: கோட் சூட், சட்டை, பேன்ட், லினன் உடுப்புகள், குளிர்கால ஓவர்கோட், மேல்நாட்டுக் கவுன்கள், அவர்களுடைய பாரம்பரிய உடையான ஆவ் ஸாய். ஓவர்கோட்டைப் பலரும் நினைப்பதே இல்லை. குளிர்நாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், ஏனென்றால் உள்ளே ஸ்வெட்டர் போடுகிற இடம் இருப்பதால் கோட் அளவுக்கு அளவு கச்சிதம் தேவைப்படாது.

ஜீன்ஸ், டி-ஷர்ட் போல இழுபடும் துணி, உடற்பயிற்சி உடைகள் வேண்டாம். அதற்குத் தனி மிஷினும் தனிப் பழக்கமும் வேண்டும். புடவை ரவிக்கையும் வேண்டாம். கேட்டால் தைத்துத் தருகிறேன் என்பார்கள், ஆனால் உங்கள் தெரு டெய்லர் அக்காவுக்குத் தெரிந்த கை வெட்டும் கழுத்து இறக்கமும் அவர்களுக்குத் தினப்படி வேலை கிடையாது.

ஆவ் ஸாய் தைப்பதானால் உடம்போடு ஒட்டிய உடை அது, இடுப்புக்கு மேலேயே பக்கவாட்டு வெட்டு தொடங்கும், உள்ளே முழுநீளப் பேன்ட். சட்டையைவிட அதிகமான இடங்களில் அளவெடுப்பார்கள். பொறுமையாக நில்லுங்கள்.

5. முதல் நாள் கடை பாருங்கள், ஆர்டர் கொடுக்காதீர்கள்

ட்ரான் பூ, நுயென் தாய் ஹொக், லே லோய் தெருக்களில் வரிசையாகத் தையல் கடைகள். யாலி, பீபீ போன்றவை பல கிளைகளோடு இருக்கிற பெரிய கடைகள், விலை கூடுதல். சந்தைக்குப் பக்கத்தில் துணிச் சந்தை, அங்கே விலை குறைவு. நடுவில் நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள்.

விடுதி வரவேற்பில் இருப்பவரும் கார் ஓட்டுநரும் ஒரு கடையைச் சொல்வார்கள். பல இடங்களில் அதற்குக் கமிஷன் உண்டு, அந்தப் பணம் உங்கள் பில்லில்தான் ஏறும். மோசமான கடை என்று அர்த்தமில்லை, நீங்களே நடந்து போனால் பேரம் பேச இடம் கூடுதலாக இருக்கும் அவ்வளவுதான். சந்தைத் தெருவில் "என் அக்கா கடை, சும்மா வந்து பாருங்கள்" என்று கூடவே நடந்து வருபவர்களுக்கும் இதே கணக்கு.

தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று. நீங்கள் பார்க்கிற கடை பெரும்பாலும் முகப்பு மட்டுமே. தையல் நடப்பது வேறு இடத்தில், வேறு ஆட்களால். உங்களிடம் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசுகிற பெண் அளவெடுத்துச் சீட்டு எழுதுவார், சீட்டும் துணியும் ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போகும். அங்கே இருக்கிறவருக்கு உங்கள் முகம் தெரியாது, நீங்கள் பேசியது எதுவும் போகாது, சீட்டில் இருப்பது மட்டும்தான் போகும். இனிமேல் நான் சொல்கிற பாதிக் குறிப்புகளுக்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

கடையை எடைபோட இரண்டு வழி. ஒன்று, வேறொருவர் ட்ரையல் பார்க்கிற நேரத்தில் போய் உட்காருங்கள். மாலை 5 மணிக்கு மேல் அந்தக் கூட்டம் இருக்கும். அந்த வாடிக்கையாளர் "இங்கே பிடிக்கிறது" என்றால் கடைக்காரர் சாக்கட்டியை எடுத்துக் குறிக்கிறாரா, இல்லை "பழகிவிடும்" என்கிறாரா என்று கவனியுங்கள். சாக்கட்டி எடுக்கிற கடை நல்ல கடை. இரண்டு, தொங்கவிட்டிருக்கிற மாதிரியை விட்டுவிட்டு, டெலிவரிக்குத் தயாராக இருக்கிற யாருடைய உடுப்பையாவது உட்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் பிசிறு இல்லாமல் அடித்திருக்கிறதா, கோடு போட்ட துணியில் பைக்குக் கோடு சேர்கிறதா, காஜா நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

6. துணி: அவசரப்படுகிற இடம் இதுதான்

கடைக்குள் மஞ்சள் விளக்கு. கருநீலம் கறுப்பாகத் தெரியும், சாம்பல் பழுப்பாகத் தெரியும். துணிக்கட்டை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எடுத்துவர மறுக்கிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை, கேட்கிறவர்கள்தான் குறைவு.

எல்லாக் கடையிலும் "கம்பளி", "காஷ்மீர்", "இத்தாலியத் துணி" என்பார்கள். ஓரக்கரையில் ஆலையின் பெயர் நெய்திருப்பதையும் காட்டுவார்கள், அதைப் போலியாக நெய்வது பெரிய வித்தை கிடையாது. உறுதிசெய்ய ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி எரித்துப் பாருங்கள், பல கடைகளில் அவர்களே லைட்டர் எடுத்துக் கொடுப்பார்கள். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் லினனும் காகிதம் எரிவது போல வாடை வரும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும், நசுங்காது. பொடிக்குள் குட்டி மணிகள் கிடைத்தால் கலப்பு. கலப்புத் துணி கூடாது என்றில்லை, பயணம் அதிகம் போகிறவர்களுக்குக் கசங்காமல் இருப்பது வசதிதான். கலப்பு என்று தெரிந்து, கலப்பு விலைக்கு வாங்குங்கள்.

சூப்பர் 100, 120, 150 என்று எண் சொல்வார்கள். எண் ஏற ஏற நூலிழை மெல்லிசாகும். மெல்லிசானது தொட மென்மையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், தேயும். அடிக்கடி போடுகிற சூட்டுக்கு 100 அல்லது 120 போதும், 150-க்குக் கூடுதல் பணம் கொடுத்து ஆறு மாதத்தில் தொடைப்பக்கம் பளபளக்க வேண்டாம்.

லினனும் பருத்தியும் முதல் துவைப்பில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்து உலர்த்தித் தேய்க்கச் சொல்லுங்கள், அதற்கு நாள் இல்லை என்றால் நீளத்தில் கூடுதல் விடச் சொல்லுங்கள். அடர்நிறப் பட்டாக இருந்தால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேறு நிறம்.

கோட்டுக்கு உள்ளே என்ன போகிறது என்றும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். மலிவான கோட்டில் முன்பக்கத் துணியின் உட்புறம் பசையால் ஒட்டிய அடித்துணி இருக்கும், ஃப்யூசிங் என்பார்கள். நாளாவட்டத்தில் டிரை கிளீனிங் போகப் போக அது பிரிந்து நெஞ்சுப் பக்கம் குமிழ் குமிழாக எழும்பும். அரை கேன்வாஸ் என்றால் நெஞ்சுப் பகுதியில் பசைக்குப் பதில் தைத்த கேன்வாஸ். கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்கலாம். முழு கேன்வாஸுக்கு ஒரு வார அவசரத்தில் ஆசைப்பட வேண்டாம், அது நிதானமாகக் கையால் செய்கிற வேலை.

7. விலை பேசுவதும் சீட்டு எழுதுவதும்

துணி, லைனிங், கேன்வாஸ், எத்தனை ட்ரையல் என்று எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் விலை. புதிதாகப் போகிறவர்கள் வாசலிலேயே "சூட் எவ்வளவு" என்று கேட்டு, 120 டாலர் என்றதும் மகிழ்ந்து, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய் 220-இல் நிற்பார்கள். சுமாராகச் சொல்வதானால் சட்டை 25 முதல் 45 டாலர், கலப்புத் துணி சூட் 150 பக்கம், நல்ல கம்பளியும் அரை கேன்வாஸும் என்றால் 250-க்கு மேல். 80 டாலருக்கு இத்தாலியக் கம்பளி சூட் என்று யாராவது சொன்னால் லைட்டரை எடுங்கள்.

விலையை டாலரில் சொல்வார்கள், அவர்கள் நாணயமான டொங்கில் வாங்குவார்கள். எந்தக் கணக்கில் மாற்றுகிறார்கள் என்பதையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் கொடுத்தால் பல கடைகளில் 3 சதவீதம் போலக் கூட்டுவார்கள். ரொக்கம் கொடுக்கிறபோது 20,000 டொங் நோட்டும் 5,00,000 டொங் நோட்டும் இரண்டுமே நீலம், மங்கலான விளக்கில் ஒன்றுபோலத் தெரியும். பர்ஸில் பிரித்து வையுங்கள்.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிற வரைக்கும்தான் மூன்றாவது ட்ரையலுக்கும் அதே சிரிப்போடு வரவேற்பார்கள்.

சீட்டில் இருக்க வேண்டியவை: துணியின் சிறு துண்டு ஒன்றைக் குத்தி வைத்திருக்க வேண்டும், மாடலைக் கோடுகளால் வரைந்திருக்க வேண்டும், பொத்தான் எத்தனை, பின்வெட்டு எத்தனை, பை நேரா சாய்வா, லைனிங் நிறம், ட்ரையல் தேதிகள். உங்கள் படங்களை அவர்கள் போனுக்கு அனுப்பி, அது பட்டறைக்கும் போகட்டும் என்று சொல்லுங்கள். கடைசியில் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அப்படித்தானே சொன்னீர்கள்" என்கிற பேச்சே வராது.

இன்னொன்று, தையலுக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லி அதையும் எழுதச் சொல்லுங்கள். பேன்ட் இடுப்பின் பின்தையலில் 4 சென்டிமீட்டராவது, கோட்டின் பக்கத் தையலில் கொஞ்சம், கைமுனையில் கொஞ்சம். நமக்கெல்லாம் ஒரு கல்யாண சீசன் போனாலே இடுப்பு ஏறிவிடும், பிரித்துவிட உள்ளே துணி வேண்டுமே.

முதல் ஆர்டர் ஒரு கோட், ஒரு பேன்ட், ஒரு சட்டை. அவ்வளவுதான். ஐந்து சட்டைக்குத் தள்ளுபடி என்று சொன்னால், ஐந்தும் தைக்கிறேன், நாலு பிறகு, ஆனால் தள்ளுபடி இப்போதே போடுங்கள் என்று பேசலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஐந்தையும் ஒரே நாளில் வெட்டக் கொடுத்தால் ஒரு தவறு ஐந்து சட்டையிலும் வரும்.

8. அளவு கொடுக்கும்போது

காலையில் போங்கள், மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மெல்லிய சட்டை, காலி பாக்கெட், காலில் அந்த ஷூ.

நிமிர்ந்து வயிற்றை உள்ளிழுத்து நிற்காதீர்கள். டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது இது, அப்புறம் கோட் பொத்தான் போட்டு உட்கார்ந்தால் மூச்சு விட முடியாது. எப்போதும் நிற்கிறபடி நில்லுங்கள், பக்கத்தில் யாரிடமாவது பேசிக்கொண்டே நின்றால் உடம்பு தானாகத் தளரும்.

ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது, முதுகு லேசாகக் கூனுவது, ஒரு கை நீளம் என்று பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது இருக்கும். முன், பின், பக்கம் என்று மூன்று படம் எடுத்துச் சீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள். முகம் தெரியாத அந்தத் தையற்காரருக்கு எண்களைவிட இது அதிகம் சொல்லும்.

9. முதல் ட்ரையல்: தோளிலிருந்து தொடங்குங்கள்

கோட்டின் கையை நூலோட்டத்தில் மட்டும் பிடித்திருக்கட்டும், காஜா வெட்ட வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். முழுசாக முடித்துவிட்டால் திருத்துவது இரட்டை வேலை, தைக்கிறவருக்கும் மனசு வராது.

பலர் கண்ணாடி முன் நின்றதும் முதலில் பேன்ட் உயரத்தைப் பார்ப்பார்கள். அது எப்போது வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியது. மாற்றக் கடினமானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அதற்குக் கீழே கையில் குழி விழுந்தால் தோள் அகலம், துணி இழுத்துப் பிடித்தால் குறுகல். கோட் முழுக்கத் தொங்குவது தோளில்தான், அது தப்பானால் கீழே எதைச் சரிசெய்தாலும் நிற்காது.

அடுத்து கழுத்தின் பின்பக்கம். கோட் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி கூடாது. இது உங்களுக்குக் கண்ணாடியில் தெரியாது, கூட வந்தவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலருக்குக் கீழே குறுக்காக மடிப்பு விழுந்தாலும் சாக்கட்டி போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

பிறகு பொத்தான் போட்டுப் பாருங்கள். பொத்தானிலிருந்து இரு பக்கமும் எக்ஸ் போலக் கோடு இழுத்தால் டைட். பிறகு கைக்குழி: கையை முன்னால் நீட்டிப் போன் பேசுவது போல வையுங்கள். கைக்குழி ரொம்பக் கீழே வெட்டியிருந்தால் கோட் மொத்தமும் தூக்கும். ஆரம்பத்தில் சொன்ன கோளாறு இதுதான், துணியை வெட்டிய பிறகு மேலே ஏற்றுவது கஷ்டம். கைக்குழி கீழே இருந்தால் லூஸாக, சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள், நேர்மாறு.

பேன்டில் உட்காருங்கள், குனியுங்கள், கடையில் மாடிப்படி இருந்தால் ஏறுங்கள். பாக்கெட்டில் போனைப் போட்டு உட்காருங்கள்.

குறை சொல்லக் கூச்சப்படாதீர்கள். கடையில் எல்லோரும் "அழகாக இருக்கிறது" என்று ஒரே குரலில் சொல்வார்கள், நமக்கும் முகத்துக்கு எதிரே குறை சொல்லப் பழக்கமில்லை. ஒவ்வொரு குறையையும் துணியிலேயே சாக்கட்டியால் அல்லது குண்டூசியால் குறித்து, சீட்டிலும் எழுதும் வரை கோட்டைக் கழற்ற வேண்டாம். வாயால் மட்டும் சொன்ன திருத்தம் பட்டறை வரை போய்ச் சேராது.

சட்டை அன்றைக்கே முடிந்திருந்தால் வாங்கிக்கொண்டு நேராகச் சலவைக் கடைக்குப் போங்கள். கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன, உலர்த்தியில் போட்டுத் தருவார்கள். சட்டை சுருங்குவதாக இருந்தால் அங்கேயே சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

10. நடுவில் ஊரை விட்டுப் போங்கள்

முதல் ட்ரையல் முடிந்ததும் ஒன்றிரண்டு நாள் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது நல்லது. தினமும் போய் நின்றால் அரைகுறையாகத் தைத்ததைக் காட்டி அனுப்புவார்கள். டா நாங்கிலிருந்து ஹூவேக்குப் போகிற ரயில் கடலோரமாகப் போகும், அருமையான பாதை. ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டரில் மீ சோன், பழைய சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள், சமஸ்கிருதக் கல்வெட்டுகள். காலை வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். துவைத்த சட்டையை இந்த நாள்களில் போட்டுக்கொண்டு சுற்றுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்பது அரைநாள் போட்டால்தான் தெரியும்.

11. இரண்டாவது ட்ரையல், மீதி ஆர்டர்

போன முறை படம் எடுத்த சீட்டை வைத்து ஒவ்வொரு திருத்தமும் நடந்ததா என்று பாருங்கள். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெட்டிருக்கும், பக்கத்தைப் பிடித்தால் பின்வெட்டு திறந்துகொள்ளும், அதனால் தோளிலிருந்து மறுபடி ஒரு சுற்று.

இந்த முறைதான் கை நீளமும் பேன்ட் உயரமும். கோட் கைக்கு வெளியே சட்டைக் கஃப் ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் நன்று. கைமுனையில் உண்மையான காஜா வேண்டும் என்று கேட்டிருந்தால் நீளம் முடிவான பிறகே வெட்டச் சொல்லுங்கள், வெட்டிவிட்டால் கைமுனையில் நீளத்தைக் குறைக்க முடியாது.

சட்டையில் கண்ட குறைகளைச் சொல்லி, அந்தத் துவைத்த சட்டையையே மாதிரியாகக் கொடுத்து இப்போது மீதி நாலையும் ஆர்டர் செய்யுங்கள். பேன்டும் அப்படியே.

ட்ரையலில் இன்னும் சரிவரவில்லை என்றால் மூன்றாவது ட்ரையல் கேளுங்கள். தோளே தப்பாக இருந்தால் திருத்துவதைவிட முன்பக்கத்தைப் புதிதாக வெட்டித் தைக்கச் சொல்வது மேல், நல்ல கடைகள் செய்கின்றன. அதற்கும் நாள் வேண்டும். 5 இரவு என்று முதலில் சொன்னது இதற்குத்தான்.

12. பணம் கட்டும் முன்

கடைசி ட்ரையல் கிளம்புகிற நாளுக்கு முந்தைய நாள் காலையில் முடிய வேண்டும். பகல் வெளிச்சத்தில், உட்பக்கம் திருப்பி, ஒவ்வொரு பொத்தானையும் லேசாக இழுத்து, ஜிப்பை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கோட்டின் கீழ்ப் பொத்தானுக்குக் கீழே முன்பக்கத் துணியை இரு பக்கமும் விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தனியாக ஒரு அடுக்கு நழுவினால் கேன்வாஸ் அதுவரை வருகிறது, ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் ஃப்யூசிங். அரை கேன்வாஸில் கீழ்ப்பகுதி ஒட்டித்தான் இருக்கும், அதனால் அதற்கு நெஞ்சுப் பக்கத்தில் கிள்ளிப் பாருங்கள். உள்ளே விட்ட துணியையும் தடவிப் பாருங்கள். கொடுத்த மாதிரி உடுப்பைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். துண்டுத் துணியும் இரண்டு உபரிப் பொத்தானும் கேட்டால் தருவார்கள், பிற்காலத்தில் ஒட்டுப்போட வேறெங்கே போய் அந்த நிறம் தேடுவது?

எழுதிய அளவுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து மெசேஜ் அனுப்பி சட்டை, பேன்ட் வரை திரும்ப ஆர்டர் செய்யலாம். கோட்டை ட்ரையல் இல்லாமல் வரவழைக்க வேண்டாம்.

13. ஊருக்குக் கொண்டுவருவது

வியட்ஜெட்டின் சாதாரணக் கட்டணத்தில் கைப்பை 7 கிலோதான், ஒரு சூட்டும் ஓவர்கோட்டும் சேர்ந்தால் அதில் பாதி போய்விடும். பெட்டி எடையைத் திரும்புகிற பயணத்துக்கு மட்டும் முன்கூட்டியே கூட்டிக்கொண்டால் விமான நிலையத்தில் கொடுப்பதைவிட மலிவு. கோட்டை மடிக்க, ஒரு தோளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, மற்ற தோளை அதற்குள் நுழைத்து, லைனிங் வெளியே தெரியும்படி நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை மடித்துத் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். கடைகள் பார்சலும் அனுப்புகின்றன, விமானத்தில் என்றால் செலவு அதிகம், கடல் வழி என்றால் மாதக்கணக்காகும், இரண்டிலும் சுங்க வரி வரலாம். கல்யாணத்துக்குப் போடப்போகிற கோட்டைப் பார்சலில் விடாதீர்கள்.

வந்திறங்கியதும் ஹேங்கரில் போட்டுக் குளியலறையில் வெந்நீர் ஆவியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். கோட் மேல் நேரடியாக இஸ்திரிப்பெட்டியை வைக்காமல் ஈரத்துணி போட்டுத் தேயுங்கள்.